முதல் டார்கெட் பிஸ்டலைத் தேர்ந்தெடுப்பது எப்படி: சிங்கப்பூரில் சுடத் தொடங்குபவர்களுக்கு

குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் இறங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த பிஸ்டல் வாங்கலாம்?" என்பதுதான். என் பதில் எப்போதும் ஒன்றே: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். கிளப் துப்பாக்கியில் சுடுங்கள், உங்கள் கை என்ன கேட்கிறது என்று தெரிந்த பிறகு வாங்கலாம். இந்த விளையாட்டில் துப்பாக்கியின் பெயர் பெரிதல்ல. அது உங்கள் கையில் எப்படி உட்காருகிறது, விசை எப்படி விடுபடுகிறது, இந்த இரண்டும்தான் புள்ளியைத் தீர்மானிக்கின்றன, இரண்டையும் காணொளி பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

தவிர, சிங்கப்பூரில் வேறு வழியும் கிடையாது. 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, அத்துடன் குறைந்தது 6 பிரம்படி. காற்றழுத்தத் துப்பாக்கியும் இதில் அடக்கம், "ஏர் பிஸ்டல்தானே, விளையாட்டுச் சாமான்தானே" என்ற பேச்சு இங்கே எடுபடாது. அதனால் இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வரவழைப்பது, ஜொகூரிலிருந்து காரில் போட்டுக்கொண்டு வருவது, பழகுவதற்காக நிஜத்தைப் போலவே இருக்கும் போலித் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்வது, எதுவும் வேண்டாம். தாய்லாந்துக்குப் போய்ச் சுட்டுவிட்டு, ஞாபகமாக ஒரு காலித் தோட்டா உறையைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் வேண்டாம், சாங்கியில் மாட்டிக்கொள்வீர்கள்.

முறையான வழி எளிதுதான். ஒரு கிளப்பில் சேர வேண்டும், பாதுகாப்புப் பயிற்சியை முடிக்க வேண்டும், பயிற்றுநர் பக்கத்தில் இருக்க கிளப் துப்பாக்கியில் சுட வேண்டும். யீஷூன் சாஃப்ராவில் ஏர் பிஸ்டல், ஏர் ரைஃபிள் சுடும் ரேஞ்ச் இருக்கிறது. சுவா சூ காங் பக்கம் தேசியத் துப்பாக்கிச் சுடும் மையம் இருக்கிறது. சிங்கப்பூர் ரைஃபிள் அசோசியேஷன் நெடுங்காலமாக இருக்கும் ஒரு கிளப். சிங்கப்பூர் கன் கிளப்புக்குப் போனால் அங்கே முக்கியமாக ஷாட்கன்னும் பறக்கும் களிமண் தட்டும்தான், பிஸ்டல் ஆசையோடு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இணைப்பாட நடவடிக்கையாக இந்த விளையாட்டு இருக்கிறது, பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால் அதுதான் செலவு குறைந்த வாசல். பிறகு உங்களுக்கென்று ஒரு துப்பாக்கி வாங்கினாலும் அது காவல்துறை உரிமத்தோடு வந்து, கிளப்பின் ஆயுத அறையில்தான் இருக்கும், உங்கள் வீட்டு அலமாரியில் இருக்காது.

சரி, எந்த வகை?

என் கருத்து, 10 மீட்டர் ஏர் பிஸ்டல். தேசியச் சேவை முடித்தவர்கள் பலருக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும், நேராக 9 மில்லிமீட்டர் தோட்டா பிஸ்டலுக்குப் போகவே மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் ராணுவத்தின் சார் 21 ரைஃபிளைத் தோளில் அண்டக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்துச் சுட்ட பழக்கம் ஒரு கையை நீட்டிச் சுடும்போது பெரிதாக உதவாது. 9 மிமீயில் தொடங்கினால் சத்தத்துக்கும் உதைக்கும் உடம்பு முன்கூட்டியே பயந்து, விசையை இழுப்பதற்கு ஒரு நொடி முன்னால் மணிக்கட்டைக் கீழே தள்ளும். இந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் கழற்றுவது பெரும் பாடு. ஏர் பிஸ்டலில் உதை இல்லை என்றே சொல்லலாம். சத்தம் குறைவு, பெல்லட் (அதில் போடும் சின்ன ஈயக் குண்டு) மலிவு. அதோடு, பெல்லட் நொடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில்தான் கிளம்புகிறது. விசை விடுபட்ட பிறகு அது குழலை விட்டு வெளியேற எடுத்துக்கொள்ளும் நேரத்தில் கை அசைந்தால் அந்த அசைவு டார்கெட்டில் அப்படியே தெரியும். உங்கள் தப்பை மறைக்காமல் காட்டும் துப்பாக்கிதான் கற்றுக்கொள்ளச் சரியான துப்பாக்கி. இந்தப் பிரிவில் நம் ஊருக்குப் பெருமையும் உண்டு: 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தங்கம் வாங்கியவர் நம்முடைய தியோ ஷுன் சியே.

போட்டி விதி தெரிந்தால் தேர்வு செய்வது சுலபம். 4.5 மிமீ பெல்லட். விசையைத் தூண்ட குறைந்தது 500 கிராம் இழுவை தேவைப்பட வேண்டும். துப்பாக்கியின் எடை 1,500 கிராமைத் தாண்டக்கூடாது. 420க்கு 200க்கு 50 மிமீ பெட்டிக்குள் முழுசாக அடங்க வேண்டும். 60 குண்டு, ஒன்றேகால் மணி நேரம், ஒரே கை. டார்கெட்டின் 10 புள்ளி வட்டம் 11.5 மிமீ அகலம். பொழுதுபோக்குக்காகத்தான் சுடப்போகிறேன், போட்டி எனக்கெதற்கு என்று நீங்கள் சொல்லலாம். ஆனாலும் விதிக்குள் வரும் துப்பாக்கியையே தேடுங்கள், நாளைக்குக் கிளப்புக்குள் நடக்கும் சின்னப் போட்டியில் கலந்துகொள்ள ஆசை வரும், விற்கும்போதும் நல்ல விலை போகும்.

இனி பிடி. நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் வாங்குபவர்களில் பெரும்பாலோர் கடைசியாக யோசிப்பது இதைத்தான்.

டார்கெட் பிஸ்டலின் பிடி மரத்தில் செதுக்கியது. உள்ளங்கையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ற வடிவம், கீழே கை உட்கார ஒரு தட்டு, அந்தத் தட்டை ஏற்றி இறக்கலாம். வலக்கை, இடக்கை தனித்தனி. எஸ், எம், எல் என்று அளவுகள் உண்டு, சில கம்பெனிகளில் எக்ஸ்எஸ் கூட உண்டு. செருப்பு வாங்குவது போலத்தான், அளவு தப்பினால் எவ்வளவு உயர்ந்த கம்பெனியாக இருந்தாலும் நடக்க முடியாது. நம் பெண்களுக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் எஸ் அளவுதான் பொருந்துகிறது, ஆனால் கிளப் துப்பாக்கிகளில் எம்தான் நிறைய, அதனால் "எனக்குக் கை நடுங்குகிறது, இந்த விளையாட்டு எனக்கு வராது" என்று பாதியில் நின்றுவிடுகிறார்கள். பாவம், கையில் குறையில்லை, பிடிதான் பெரிது.

பொருத்தத்தைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ரேஞ்சில், பயிற்றுநர் அனுமதியோடு, குண்டு போடாத துப்பாக்கியில், குழல் டார்கெட் பக்கம் இருக்கும்படி செய்யுங்கள். துப்பாக்கியை மற்றக் கையால் எடுத்து, சுடும் கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் பிடியின் முதுகை எவ்வளவு மேலே ஏற முடியுமோ அவ்வளவு ஏற்றி அழுத்துங்கள். நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் முன்பக்கத்தைச் சுற்றி நேராகப் பின்னோக்கி இறுக்க வேண்டும், கட்டைவிரல் சும்மா சாய்ந்திருக்க வேண்டும், சுட்டுவிரல் மரத்தை எங்கேயும் தொடக்கூடாது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்துங்கள், டார்கெட் உயரம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, மணிக்கட்டைப் பூட்டி, கண்ணைத் திறங்கள். முன் சைட் (குழல் முனையில் குறிபார்க்க நிற்கும் தகடு) பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில், மேல் விளிம்புகள் ஒரே மட்டத்தில் நிற்கிறதா? நின்றால் பிடி உங்களுக்கானது. முன் சைட் எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றாலோ, மேலே கீழே போனாலோ, பிடியின் கோணம் ஒத்துவரவில்லை என்று அர்த்தம். சைட் இரண்டும் சரியாக இருந்து மொத்தக் கையும் டார்கெட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றால் அது பிடியின் குற்றமல்ல, கால் வைத்திருக்கும் இடத்தை மாற்றினாலே போதும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், கணக்கு அப்படி. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவில் சுமார் 34 செமீ தூரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றுக்கொன்று 1 மிமீ விலகினால் 10 மீட்டரில் அது கிட்டத்தட்ட 3 செமீ ஆகிவிடும், 10க்குப் பதில் 7தான். அதுவே சைட் இரண்டும் நேராக இருந்து, கை மட்டும் 1 செமீ ஆடியிருந்தால் குண்டும் அதே 1 செமீதான் தள்ளிப்போகும், 9 கிடைத்துவிடும். கை ஆடாதவர் யாருமில்லை. ஆட்டத்தை மன்னிக்கும் விளையாட்டு இது, சைட் கோணுவதை மன்னிக்காது, சைட்டைக் கோணாமல் வைப்பது பிடியின் வேலை. மரம் கொஞ்சம் உறுத்தினால் உப்புக்காகிதத்தால் தேய்க்கலாம், பள்ளமாக இருந்தால் மரப் புட்டி அப்பலாம், அனுபவசாலிகளின் துப்பாக்கிகளைப் பாருங்கள், எல்லாமே அப்படி ஒட்டுப்போட்டுத்தான் இருக்கும். கீழ்த்தட்டை மட்டும் கையை நெருக்கும்படி ஏற்றிவிடாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வியர்த்து, கொஞ்ச நேரத்தில் லேசாக வீங்கவும் செய்யும், ஒரு மெல்லிய இடைவெளி இருக்கட்டும். அப்புறம் ஒன்று, போட்டியில் சுடும் கையில் கடிகாரமோ வளையலோ காப்போ இருக்கக் கூடாது என்பது விதி. கோயிலில் கட்டிய கயிற்றை மற்றக் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

விசைக்கு வருவோம். 500 கிராம் என்பது எல்லா ஏர் பிஸ்டலுக்கும் பொது, ஆனால் அந்த 500 கிராம் எப்படி வருகிறது என்பதில்தான் வித்தியாசம். நல்ல டார்கெட் பிஸ்டலின் விசை இரண்டு கட்டமாக இருக்கும். முதல் கட்டத்தில் விரல் மெதுவாகப் பின்னால் போய் ஒரு சுவரில் முட்டும், அடுத்த கட்டத்தில் கொஞ்சம் அழுத்தினால் கண்ணாடிக் குச்சி முறிவது மாதிரி பட்டென்று விடுபடும். தொடங்குபவர்கள் முதல் கட்டத்துக்கு அதிக எடையும் இரண்டாவதற்குக் குறைந்த எடையும் வைத்துக்கொண்டால் எங்கே விடுபடும் என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரியும், 500 கிராமில் 350, 400 முதல் கட்டத்திலேயே இருக்கலாம். சோதிக்கும்போது மூன்றைக் கவனியுங்கள்: சுவரில் முட்டிய பிறகு விசை தரதரவென்று இழுபடுகிறதா, விடுபட்ட பிறகு விரல் சட்டென்று பின்னால் சரிகிறதா, விசைத் தகட்டை முன்பின்னாக நகர்த்தி உங்கள் விரலின் முதல் கணுவுக்கு முன்னாலுள்ள சதை அதன்மேல் நேராகப் படும்படி வைக்க முடிகிறதா. மூன்றாவது முடியாவிட்டால் அந்தத் துப்பாக்கியை விட்டுவிடுங்கள், விரல் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். டிரை ஃபயர், அதாவது காற்றும் குண்டும் இல்லாமல் விசையை மட்டும் பழகும் வசதி, நிச்சயம் இருக்க வேண்டும். துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத நமக்கு ரேஞ்சில் கிடைக்கும் நேரமே பயிற்சி நேரம், அதில் பாதி இப்படிப் போவது நல்லது. வீட்டில் வேண்டுமானால் ஒரு லிட்டர் தண்ணீர் போத்தலைக் கையை நீட்டிப் பிடித்துத் தோளுக்கு வலு சேர்க்கலாம், அது போதும்.

மின்னணு விசை வேண்டுமா? மொரினி சிஎம் 162 போன்றவற்றில் அது மிக அருமையாக இருக்கும், டிரை ஃபயருக்கு ஒவ்வொரு முறையும் எதையும் இழுத்துவிட வேண்டியதில்லை. ஆனால் பேட்டரி, மின்பலகை எல்லாம் சேர்ந்து வருகிறது. முதல் துப்பாக்கிக்கு இயந்திர விசையே போதும் என்பேன்.

எடை விஷயத்தில் பலர் தலைகீழாக யோசிக்கிறார்கள், கனமாக இருந்தால் ஆடாது என்று. சந்தையில் உள்ளவை பெரும்பாலும் 900 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்குள் இருக்கும். ஒரு போட்டியில் 60 குண்டு, அதற்கு முன் சரிபார்க்கும் குண்டுகள், சுடாமல் பாதியில் இறக்கிவைத்த முறைகள், எல்லாம் சேர்த்தால் கையை உயர்த்துவது நூறைத் தொடும். கடைசி பத்துக் குண்டில் தோள் என்ன சொல்லும் என்று பார்த்து எடையைத் தேர்ந்தெடுங்கள். சிறுவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் குட்டை மாடல்கள் இருக்கின்றன, ஹேம்மர்லி ஏபி20 இலகுவானது, விலையும் மற்றவற்றைவிடக் குறைவு.

கண். இந்த ஊரில் கண்ணாடி போடாதவரைத் தேடத்தான் வேண்டும், அதனால் சொல்கிறேன். பிஸ்டலில் டார்கெட்டைக் கூர்ந்து பார்க்கக் கூடாது, முன் சைட்தான் கூர்மையாகத் தெரிய வேண்டும், டார்கெட் மங்கலாகவே இருக்கலாம். இளம் கண்கள் இதைச் சமாளித்துவிடும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு முன் சைட் மங்கும், தூரப்பார்வை அளவோடு +0.5 முதல் +0.75 வரை கூட்டிய ஒரு லென்ஸ் போட்டால் தெளிவாகிவிடும், கண்ணாடிக் கடையில் கையை நீட்டிக் காட்டி இந்தத் தூரத்துக்கு வேண்டும் என்று சொல்லுங்கள். துப்பாக்கியில் முன் சைட்டின் அகலத்தையும் பின் பள்ளத்தின் அகலத்தையும் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள், வயதான கண்ணுக்கு இரண்டு பக்கமும் வெளிச்சம் கொஞ்சம் தாராளமாகத் தெரிய வேண்டும். மற்றக் கண்ணை இறுக்கி மூடாமல் 30 மிமீக்கு மிகாத ஒரு மறைப்பை வைத்துக்கொள்ளலாம். மற்ற ஆடம்பரங்கள் காத்திருக்கட்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிகேச் சாதாரணக் கண்ணாடியோடு வந்து கலப்பு ஏர் பிஸ்டலில் வெள்ளி வாங்கியதை உலகமே பார்த்தது.

காற்று எப்படிக் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இன்றைக்கு நிரப்பிய சிலிண்டர்தான் வழக்கம், 200 பார் அழுத்தம், கிளப்பிலேயே நிரப்பிக்கொள்ளலாம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் உள்ள பழைய துப்பாக்கிகள் மலிவாக வரும், வேண்டாம், வெப்பநிலை மாறினால் அழுத்தமும் மாறும், குண்டு போகும் உயரமும் மாறும். ரஷ்யாவின் பைக்கால் இஷ் 46எம் மாதிரி ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை இழுத்துக் காற்றடைப்பது துல்லியமானதுதான், ஆனால் அறுபது முறை இழுத்த கையால் சுட வேண்டியிருக்கும்.

பிராண்ட்? ஸ்டெயர், வால்தர், ஃபைன்வெர்க்பாவ், மொரினி, பார்டினி, டெஸ்ரோ, எதை வாங்கினாலும் இயந்திரத்தின் துல்லியம் உங்களையும் என்னையும் விட மேல்தான். என் அளவுகோல் வேறு: உங்கள் கிளப்பில் அதிகம் பேர் எதை வைத்திருக்கிறார்கள்? அதை வாங்குங்கள். ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போனால் பக்கத்தில் கிடைக்கும், திறக்கத் தெரிந்தவர் இருப்பார், கூடுதல் சிலிண்டர் இரவல் கிடைக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவே துப்பாக்கி பழுதாகி, பொன்னான நிமிடங்கள் போய்விட்டன. அவருக்கே அப்படி நடக்கும் என்றால், உதிரி கிடைக்காத துப்பாக்கியை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வோம்? (பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் வாங்கியதைப் பார்த்து நிஜமாகவே கண் கலங்கியது.) புதிதாக வாங்கினால் ஐரோப்பாவில் 1,500 யூரோவிலிருந்து 2,500 வரை, அதற்கு மேல் அனுப்பும் செலவும் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும். பணத்தைக் கட்டும் முன் உரிமமும் இறக்குமதி அனுமதியும் கைக்கு வரவேண்டும் என்பதைக் கிளப்பில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

இதனால்தான் கிளப்புக்குள்ளேயே ஒருவர் விற்கும் பழைய துப்பாக்கி பெரும்பாலும் நல்ல பேரம். உரிமம் மாற்றாமல் கைமாறக் கூடாது என்பதை மறக்க வேண்டாம். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியை முதலில் பாருங்கள். போட்டி விதிப்படி அதிகபட்சம் 10 ஆண்டுதான் செல்லும், காலாவதி ஆகியிருந்தால் புதிய சிலிண்டரின் விலையைக் கழித்துப் பேசுங்கள். முழுசாக நிரப்பி ஒரு நாள் வைத்துவிட்டு முள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வேகமானி இருந்தால் பத்துக் குண்டு சுட்டுப் பாருங்கள், வேகம் ஒன்றுக்கொன்று அதிகம் மாறினால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது. பிடி உங்கள் அளவில் இல்லாவிட்டால் அதற்காக மட்டும் விட்டுவிட வேண்டாம், ஜெர்மனியின் ரிங்க் போன்றவர்கள் தனியாகப் பிடி செய்து விற்கிறார்கள்.

.22, அதாவது சிறிய தோட்டா போட்டுச் சுடும் பிஸ்டல், அதைப் பற்றி ஒரு வார்த்தை. ஏர் பிஸ்டல் கை வந்த பிறகு 25 மீட்டருக்குப் போக ஆசை வருவது இயல்பு, நம் தே ஷியூ ஹோங் பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது இந்தப் பிரிவில்தான். இதில் விசை 1,000 கிராம், எடை 1,400 கிராமுக்குள், குழல் 153 மிமீக்குள். பார்டினி எஸ்பி, வால்தர் எஸ்எஸ்பி போன்றவை இதற்கென்றே செய்தவை, குழல் கைக்கு வெகு அருகில் தாழ்ந்து இருப்பதால் சுட்ட பிறகு துப்பாக்கியின் மூக்கு அதிகம் எகிறாது. போட்டி வேண்டாம், வாரக்கடைசியில் நிம்மதியாகச் சுட்டால் போதும் என்றால் ரூகர் மார்க் 4, பிரவுனிங் பக் மார்க் போன்றவை உறுதியானவை, விலையும் குறைவு. எதுவானாலும் தோட்டாவோடு சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும், ஒரே கம்பெனி வெவ்வேறு தடவை தயாரித்த தோட்டாக்களே வெவ்வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

பெல்லட்டுக்கும் அதே கதைதான். 4.49, 4.50 என்று தலை அளவில் நுணுக்கமாக வேறுபடும், தட்டையான தலை உள்ளதையே வாங்குங்கள், காகிதத்தில் வட்டமாக ஓட்டை விழும். முதல் சில மாதங்கள் இந்த அளவு வித்தியாசம் உங்கள் புள்ளியில் தெரியவே தெரியாது, ஆர்டபிள்யூஎஸ்ஸோ எச் அண்ட் என்னோ, எந்தக் கம்பெனியானாலும் கிளப்பில் கிடைக்கும் சாதாரண டப்பாவே போதும். பெல்லட் ஈயம், ஆகவே சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் கேன்டீன் பக்கம் போகாதீர்கள், பிள்ளைகள் கூட வந்தால் அவர்களையும் கழுவ வையுங்கள்.